பிரேக்கில் வைத்த கால்

"ஒருத்தர் மேல போட்ட பழி சரியா தப்பான்னு எப்படிங்க அம்மிணி கண்டுபிடிக்கறது?" என்று மயில்சாமி கேட்டார்.

மரகதம் மேசை இழுப்பறையைத் திறந்து வோல்ட் மீட்டரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வண்டி அங்க நிக்குது. அளந்து பாருங்கண்ணா."

இது நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். பழியைப் போட்டு அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே மரகதத்தின் கடை இருக்கிறது. இருசக்கர வண்டிகளுக்கு மின்சார வேலை மட்டும் செய்வார். பம்பு மோட்டார் கம்பெனியில் பத்து வருடம் காயில் சுற்றியவர். செப்புக் கம்பி எங்கே சூடேறும், எங்கே அறுந்துபோகும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். வயது நாற்பத்து நான்கு.

மயில்சாமி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். முப்பது வருடம் லாரி பாடிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இனிமேல் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, வேலை கற்றுக்கொள்கிறேன் என்று மரகதத்திடம் வந்து நின்றார்.

"என்னைவிடச் சின்னவங்ககிட்டக் கத்துக்கறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லீங்க."

"எனக்கு இருக்குதுங்கண்ணா. பழகிக்கறேன், வாங்க," என்றார் மரகதம்.

அன்றிலிருந்து மயில்சாமி மரகதத்துக்கு அண்ணா, மரகதம் அவருக்கு அம்மிணி. நான்கு வருடம் ஓடிவிட்டது.

நல்லசிவம் பால் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடமாக ஒரே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் மனிதர். கடைக்காரர் மீதியைக் குறைத்துக் கொடுத்தாலும், தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று யோசிப்பார். அப்படி ஒரு பிறவி.

சித்திரை மாதம் மரகதத்தின் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். மூன்று வாரம் கடையை மயில்சாமியிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த மூன்று வாரத்தில் நல்லசிவம் வந்து, வண்டி துருப்பிடித்துப் போச்சு, பார்த்துக் கொடுங்கள் என்றார். மயில்சாமிக்குக் கை அரித்தது. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, டாக்டர் சொன்னதை மறந்து, சேஸ் என்கிற இரும்புச் சட்டம் முழுக்க மெரூன் அடித்தார். மூன்று கோட்டு. மேலே பளபளப்புக்கு ஒரு கோட்டு. காய்ந்த பிறகு எல்லாவற்றையும் பழையபடி பூட்டினார்.

திரும்பி வந்த மரகதம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணுபட்டுருமுங்கண்ணா," என்றார்.

அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை மரகதம் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

வைகாசியில் பேட்டரி இறங்கிவிட்டது என்று நல்லசிவம் வந்தார். மயில்சாமி பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். பிறகு பட்டறைகளில் காலம் காலமாகச் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"பிரேக் மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டறீங்க சார். பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே போகுது. அப்புறம் பேட்டரி எப்படிங்க நிக்கும்?"

அப்படி ஓட்டுகிறவர்கள் உண்டு. அதுதான் வில்லங்கம். நூறு பேரில் பத்துப் பேருக்குப் பொருந்துகிற ஒன்றை நூறு பேருக்கும் சொல்லிவிடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். போன வாரம் ரோட்டில் தன் கால் எங்கே இருந்தது என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெக்கானிக்குக் காரணம் தெரியாவிட்டால் ஓட்டுகிறவன் கால் கோணல்.

நல்லசிவம் தலையாட்டினார்.

ஆனியில் மறுபடி வந்தார். மறுபடி சார்ஜ், மறுபடி அதே வாக்கியம். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, ஏனென்றால் கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"இந்தக் காலு எஞ் சொல்லு கேக்க மாட்டீங்குதுங்க," என்று நல்லசிவம் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

மூன்றாவது தடவை மனைவி பாவாயியையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். மயில்சாமி அந்த அம்மாளிடமே சொன்னார்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. கால எடுத்து வெக்கச் சொல்லுங்க."

ஆடிப் பதினெட்டுக்கு இருவரும் பவானி போய் ஆற்றில் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். குமாரபாளையம் தாண்டியதும் பொழுது சாய்ந்தது. விளக்கைப் போட்டார். கொஞ்ச தூரத்தில் விளக்கு மங்க ஆரம்பித்தது. மங்கி மங்கி, அகல் அளவுக்கு வந்துவிட்டது. ஊர் பக்கத்தில்தானே, போய்விடலாம் என்று நினைத்தார். சோளத்தட்டு ஏற்றிய ஒரு டிராக்டர், பின்னால் ஒரு சிவப்புத் துணிகூட இல்லாமல், ரோட்டோரம் நின்றிருந்தது.

நல்லசிவத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாவாயிக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று அனுப்பினார்கள்.

மயில்சாமி ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் வந்து தங்கியிருந்தாள். நல்லசிவம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க," என்றார் பாவாயி. "நீங்க ஒருத்தருதான் அந்த மனுசனுக்குப் புத்தி சொன்னவரு. முட்டி முட்டிச் சொன்னீங்க. பிரேக்குல கால வெக்காதீங்க, பேட்டரி போயிரும்னு. கேட்டாரா?"

மயில்சாமி ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரமாக வைத்தார்.

"லைட்டு அவிஞ்சு போச்சு. எங் காலும் போச்சு. இனி அந்த ஆளு கையில ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டேன்."

சொன்னபடியே நடந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டார். நல்லசிவம் எழுந்து சொம்பை எடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம்.

"அவ சொல்றது சரிதானுங்க," என்றார் நல்லசிவம், வாசல் வரை கூட வந்து. "எங் காலுதானுங்க."

மகள் காப்பி கொண்டுவந்தாள். பாவாயி சொல்லி, சர்க்கரை கூடப் போட்ட காப்பி. மயில்சாமி அதைக் குடித்தார். அந்தக் காப்பி அவருக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை என்று பிற்பாடு சொன்னார்.

அடிபட்ட வண்டியை ஒரு குட்டி யானை லோடு வேனில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் நின்ற பிறகுதான் மயில்சாமி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வண்டியின் கைப்பிடி கோணியிருந்தது. முன்விளக்கு நொறுங்கிப் போயிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை மரகதம் வியாழக்கிழமையே கழற்றிச் சார்ஜில் போட்டு வைத்திருந்தார்.

"எங்க இருந்துங்க ஆரம்பிக்கறது?"

"தெரிஞ்ச எடத்துல இருந்து."

மயில்சாமி பேட்டரியை அளந்தார். பன்னிரண்டே முக்கால். ஒரு முன்விளக்குப் பல்பை வெளியே வைத்துக் கட்டி, பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளந்தார். இறங்கவில்லை என்றே சொல்லலாம்.

"பேட்டரி நல்லா இருக்குதுங்க."

"சரி. அது மேல பழி இல்ல. அடுத்தது."

பேட்டரியை வண்டியில் மாட்டி, உதைத்துக் கிளப்பி, ரேஸ் கொடுத்தார். மீட்டர் ஏறவில்லை.

"எவ்வளவு வரோணும்?" என்று மரகதம் கேட்டார்.

"பதினாலுங்க."

"எவ்வளவு வருது?"

"பன்னெண்டுலயே நிக்குதுங்க. எறங்கறாப்பலகூட இருக்குது." மயில்சாமியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "சார்ஜே ஆகலீங்க. அப்ப காயில் போயிருச்சுங்க அம்மிணி! உள்ள காயில் எரிஞ்சிருக்கோணும்."

மரகதம் அவர் முகத்தைப் பார்த்தார். காயில் எரிவது ஒருவர் குற்றமும் இல்லை. முப்பத்திரண்டு வருட வண்டியில் காயில் எரியாமல் வேறு என்ன எரியும்? அந்த ஆசை மயில்சாமி முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

"அளந்துட்டுச் சொல்லுங்கண்ணா."

எஞ்சினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து மூன்று ஒயர்கள் வெளியே வரும். மயில்சாமி அவற்றைப் பிரித்து இரண்டிரண்டாக அளந்தார். நாற்பது. நாற்பது. நாற்பது. ரேஸ் கொடுத்தால் மூன்றும் ஒன்றாக ஏறின.

"காயில் சரிங்க," என்றார் மெதுவாக. உடனே, "அப்படின்னா ரெகுலேட்டர்தானுங்க," என்றார்.

அதே மாதிரி இன்னொரு வண்டி வேலைக்கு வந்து நின்றிருந்தது. மரகதம் அதைக் கையால் காட்டினார். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றுவது ரெகுலேட்டர். மயில்சாமி அதைக் கழற்றி அந்த வண்டியில் மாட்டிக் கிளப்பினார். பதினான்கு புள்ளி ஒன்று. ஊசி குத்தின மாதிரி அங்கேயே நின்றது.

திரும்பக் கொண்டுவந்து நல்லசிவத்தின் வண்டியில் பூட்டினார். பன்னிரண்டு.

மயில்சாமி கீழே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றும் நல்லது என்று தெரியத் தெரிய, பழியை இறக்கிவைக்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனாலும் வேலை நடக்கலீங்க."

"போற வழியப் பூராப் பார்த்துட்டீங்க. திரும்பி வர்ற வழிய?"

"எர்த்துங்களா?"

"மீட்டர்ல ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல வெய்யுங்க. இன்னொண்ண ரெகுலேட்டர் ஒடம்புல வெய்யுங்க. வண்டி ஓடட்டும்."

"எவ்வளவு வரோணுமுங்க?"

"ஒண்ணும் வரக்கூடாது. ரெண்டும் ஒரே இரும்புதானே."

மீட்டர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

மயில்சாமி மீட்டரைத் தரையில் வைத்தார். அந்த வண்டியில் ரெகுலேட்டருக்கு எர்த்துக்கென்று தனி ஒயர் கிடையாது. அதன் உடம்பே சேஸோடு ஒட்டி உட்கார வேண்டும், இரும்போடு இரும்பாக. இது மயில்சாமிக்கு நன்றாகத் தெரியும். மரகதம் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தது.

ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டையும் கழற்றினார். ரெகுலேட்டரைத் தூக்கினார்.

அடியில் மெரூன். ஒரு கீறல் இல்லாமல், கண்ணாடி மாதிரி. மெரூனில் கடுகளவு கறுப்புக் கலந்த அவர் சொந்தக் கலவை. பெயின்ட் மின்சாரத்தை விடாது. போல்ட்டின் மரையில் மட்டும் எங்கேயோ கொஞ்சம் இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் மூன்று மாதம் வண்டி ஓடியிருக்கிறது.

"நாந்தானுங்க," என்றார்.

மரகதம் குனிந்து பார்த்தார்.

"நான் அடிச்ச பெயின்ட்டுங்க அம்மிணி. நானே மேல வெச்சுப் பூட்டியிருக்கேன். சுரண்டோணும்னு தெரியும். அன்னிக்கி அந்தப் பளபளப்பப் பார்த்துட்டு மனசு வரல."

பிளேடை எடுத்துச் சுரண்டினார். அடுத்தவர் அடித்த பெயின்ட்டை எத்தனையோ லாரியில் ஈவிரக்கமில்லாமல் சுரண்டிய கை. அன்று தான் அடித்ததையே சுரண்டியது. இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெகுலேட்டரை வைத்து முடுக்கினார். கிளப்பினார்.

பதினான்கு புள்ளி ஒன்று.

மூன்று மாதம், மூன்று தடவை. எந்தத் தடவை வேண்டுமானாலும் இதைச் செய்திருக்கலாம். மொத்தமாகப் பத்து நிமிட வேலை. மயில்சாமிக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"சரியாயிருச்சுங்க."

"இன்னும் ஒண்ண அளக்கல," என்றார் மரகதம்.

"எதுங்க?"

"பிரேக்க மிதிங்க."

மயில்சாமி வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் பதினான்கு புள்ளி ஒன்றிலிருந்து பதிமூன்று புள்ளி ஒன்பதுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"மிதிச்சுக்கிட்டே இருங்க."

எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. மரகதம் குடித்தார். மயில்சாமியின் டீ ஆறி ஆடை கட்டியது. கால் மணி நேரம் போயிருக்கும். பதிமூன்று புள்ளி ஒன்பது.

"இதுல பேட்டரி எறங்குமாண்ணா?"

"எறங்காதுங்க. ஏறிக்கிட்டுத்தான் இருக்கும்."

"பவானி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே போனா?"

"எறங்காதுங்க."

"கால எடுத்துக்கோங்க."

மயில்சாமி இறங்கினார். வண்டியை நிறுத்தினார்.

"நீங்களும் இதே சொல்லுவீங்களே அம்மிணி. நீங்க சொல்லக் கேட்டுத்தானுங்க நானும் சொன்னேன்."

"சொல்லியிருக்கேன்."

"அளந்து பார்த்துட்டுங்களா?"

"இன்னிக்குத்தானுங்கண்ணா அளந்தேன்."

இதைச் சொன்னபோது மரகதம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இன்னொருவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறொருவர். யாருமே மீட்டர் வைத்துப் பார்த்ததில்லை. வேலையைவிட வேகமாகக் கைமாறியது அந்த வாக்கியம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மயில்சாமி சொன்னார்: "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தானுங்க தெரியும்."

"ஆமா."

"வெளிய போனா கடைப் பேரு கெட்டுப்போயிருமுங்க."

"கடைப் பேரு என்னோடது. அத நான் பார்த்துக்கறேன்."

மயில்சாமி கைகழுவினார். பெயின்ட் தூள் நகத்தடியில் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் வீட்டுக்குப் போகிறேன் என்றார். மரகதம் தலையசைத்தார்.

திங்கட்கிழமை மயில்சாமி கடைக்கு வந்தபோது மரகதம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க காலுதான் காரணம்னு சொன்னேனுங்களே, போன வருசம். அது எனக்குத் தெரியாமச் சொன்னதுங்க. ஆமாங்க, தெரியாமத்தான். வண்டியக் கொண்டாங்க, அளந்து பார்த்துச் சொல்றேன்... இல்லீங்க, வேற ஒண்ணும் இல்லீங்க. கேக்கோணும்னு தோணுச்சு."

போனை வைத்தார். முன்னால் ஒரு பழைய காலண்டர் தாளில் ஏழெட்டுப் பெயர்கள் எழுதியிருந்தன. இரண்டுக்கு எதிரே கோடு போட்டிருந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டுப் போனவர்களில் ஞாபகத்தில் வந்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

"போயிட்டு வந்தீங்களாண்ணா?"

"போனனுங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னனுங்க."

மயில்சாமி உட்கார்ந்தார். இரவு தூங்காத முகம்.

"அவரு வெளிய தொட்டிகிட்ட அந்தம்மா சேலையத் தொவைச்சுக்கிட்டு இருந்தாருங்க. பக்கத்துல போயி எல்லாத்தையும் சொன்னனுங்க. பெயின்ட்டு, எர்த்து, அளந்தது. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கமாப் போச்சுங்க சார், உங்க காலு மேல ஒரு தப்பும் இல்லீங்கன்னு சொன்னனுங்க."

"என்ன சொன்னாரு?"

"சேலையப் புழிஞ்சு கொடியில போட்டாருங்க. அப்புறம் கேட்டாரு, 'காலு மேல தப்பில்லீங்களா?'ன்னு. இல்லீங்கன்னேன். 'பிரேக்குல வெச்சிருந்தாலும் பேட்டரி போயிருக்காதுங்களா?'ன்னாரு. போயிருக்காதுங்கன்னேன்."

மயில்சாமி நகத்தடியில் இருந்த பெயின்ட் தூளைச் சுரண்டினார்.

"அப்பத்தானுங்க சொன்னாரு. 'நான் அன்னிக்கி பிரேக்குலயே கால வெக்கலீங்களே. நீங்க சொன்னீங்கன்னு, தெரியாமக்கூடப் பட்டுரக்கூடாதுன்னு, காலப் பின்னால எடுத்து, அவ கால் வெக்கற கம்பி மேல வெச்சிருந்தேன். ஒரு மாசமா அப்படித்தான் பழகிக்கிட்டு இருந்தேன். டிராக்டர் கண்ணுல பட்டதும் பிரேக்கத் தேடுனேன். காலு முன்னால வர்றதுக்குள்ள போயி மோதிட்டேனுங்க.'"

மரகதம் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"வெளிச்சம் போனதுக்கு நாங் காரணம்னுதானுங்க நெனச்சுக்கிட்டுப் போனேன். பிரேக் கெடைக்காததுக்கும் நாந்தானுங்க அம்மிணி. அந்த மனுசன் காலு, இருக்க வேண்டிய எடத்துலதான் முப்பது வருசமா இருந்திருக்குது. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

"கோவப்பட்டாரா?"

"இல்லீங்களே. திட்டியிருந்தாத் தேவலைங்க. 'தெரியாமப் பண்ணுனது, விடுங்க'ன்னாரு. 'அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், படுத்துக் கெடக்கறா, யார் மேலயாச்சும் கோவப்படோணுமில்லீங்களா, எம் மேலயே படட்டும், எனக்குப் பழகிப்போச்சு'ன்னாரு."

"அந்தம்மா?"

"உள்ள இருந்தாங்க. ஆளு வந்திருக்கறது தெரிஞ்சு மகளுகிட்டச் சொல்லி அனுப்புனாங்க. மெக்கானிக்கு வந்திருந்தா உள்ள வரச் சொல்லு, காப்பி குடிச்சிட்டுத்தான் போகோணும்னு."

"போனீங்களா?"

"அவசர வேலை இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க."

"நீங்க பேசுனது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதுங்க. மெதுவாத்தானுங்க பேசுனேன்."

மரகதம் பேனாவை எடுத்தார். காலண்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாவது பெயருக்கு உரிய எண்ணைத் தேடினார். மயில்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரே வேண்டாம்னுட்டாருங்களே அம்மிணி. இனி நான் என்னங்க பண்றது?"

மரகதம் நிமிர்ந்தார்.

"அந்தம்மா உள்ளதானே படுத்திருக்காங்க. நீங்க இன்னும் அந்த வீட்டுக்குள்ள போகவே இல்லீங்கண்ணா."